கயாக் பாஸ் டோர்னமென்ட்: சில சீசன் ஓடினப்புறம் எந்தச் சாமான் தாக்குப் பிடிச்சுது

அமெரிக்காவுல கயாக் பாஸ் டோர்னமென்ட்ல, அதாவது கயாக்ங்கற சின்னப் படகுல உக்காந்து பாஸ்ங்கற நன்னீர் மீனைப் பிடிக்கற போட்டில, கலந்துக்க ஆரம்பிச்சு சில சீசன் ஆச்சு. புதுசா இறங்குறவங்க முதல்ல கேக்குறது எந்த ராட் (தூண்டில் கம்பு), எந்த லூர் (செயற்கை இரை)னுதான். என்னைக் கேட்டா, மீன் வலைக்குள்ள விழுந்ததுல இருந்து போட்டோ எடுத்து திரும்பத் தண்ணில விடுற வரைக்கும் ஒரு நிமிஷம் இருக்கு பாருங்க, அந்த நிமிஷத்துக்கு என்ன சாமான் வச்சிருக்கீங்கங்கறதுலதான் பாதி போட்டி முடிஞ்சு போகுது.

ஏன்னா பெரிய மோட்டார் போட் போட்டில மாதிரி லைவ்வெல்ல, அதாவது படகுல இருக்கற தண்ணித் தொட்டில, மீனை உயிரோட வச்சு சாயங்காலம் எடை போடுற கதை இங்க கிடையாது. பிடி, அளவுப் பலகைல வச்சு போட்டோ எடு, அங்கயே விடு, அவ்வளவுதான். கேபிஎஃப் (கயாக் பாஸ் ஃபிஷிங்) ஆகட்டும், 2019ல வந்த ஹோபி பாஸ் ஓபன் சீரிஸ் ஆகட்டும், 2020ல ஆரம்பிச்ச பாஸ்மாஸ்டர் கயாக் சீரிஸ் ஆகட்டும், எல்லாம் நீளக் கணக்குதான். அன்னிக்குப் பிடிச்சதுல நீளமான 5 மீனைக் கூட்டுவாங்க, ஒவ்வொண்ணும் 18 இன்ச்னா 90. கால் இன்ச் கால் இன்ச்சா எண்ணுவாங்க, வால் ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா கீழ இருக்கற கோடுதான் கணக்கு. எனக்கு இந்த முறை மேல பெரிய மரியாதை, டெக்சஸ்ல லேக் ஃபோர்க்ங்கற ஏரில 16ல இருந்து 24 இன்ச் வரைக்கும் உள்ள பாஸை வச்சுக்கவே கூடாது, உடனே விட்டுடணும்னு சட்டம், எடை போடுற போட்டிக்கு அது பெரிய தலைவலி, நமக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, எப்படியும் விடத்தானே போறோம்.

இப்ப சாமானுக்கு வர்றேன். அளவுப் பலகை முதல்ல பிளாஸ்டிக் வச்சிருந்தேன், வெயில் பட்டுப் பட்டு கோடெல்லாம் மங்கி, போட்டோல கால் இன்ச் கோடு எதுன்னே தெரியாத நிலைக்கு வந்துடுச்சு. இப்ப இருக்கறது அலுமினியம், கோடு செதுக்கினது, இன்னிக்கும் பளிச்னு இருக்கு. ஆனா நடு வெயில்ல தோசைக்கல்லு மாதிரி சுடும், மீனை வைக்கறதுக்கு முன்னாடி ஏரில ஒரு முக்கு முக்கி எடுங்க, இல்லன்னா மீன் மேல இருக்கற வழுவழுப்பு உரிஞ்சு போயிடும், அதுதான் அதுக்குக் கிருமி ஏறாம காக்குற கவசம். பலகை எதுவா இருந்தாலும் கயிறு கட்டுங்க, தண்ணில விழுந்தா மூழ்கிடும். எந்த போர்டு செல்லும்னு ரூல்ஸையும் ஒரு தடவை பாத்துடுங்க.

வலைக்குக் கொஞ்சம் கூடவே செலவு பண்ணலாம். ரப்பர் பூசின ஆழமான வலையா வாங்குங்க. மீனை உடனே மேல தூக்காம வலையோட தண்ணிக்குள்ளயே கயாக் ஓரமா விட்டுட்டு, பலகையை மடில போட்டு, போட்டிக்குக் குடுத்த அடையாள கோட் (code) எழுதின கார்டு தெரியுதான்னு பாத்து, போன் கேமராவைத் திறந்து வச்சுட்டு அப்புறமா மீனை எடுக்கணும். கீழ் உதட்டைக் கட்டைவிரலால பிடிச்சா பாஸ் அடங்கிடும். பலகைல வாய் மூடி முன் தடுப்பைத் தொட்டிருக்கணும், கை செவுள் பக்கமோ வால் நுனியையோ மறைக்கக் கூடாது, மறைச்சா நடுவர் இன்ச் குறைப்பார், இல்ல மீனையே தள்ளிடுவார். இதுக்குள்ள ஒரு துள்ளு துள்ளி ஏரிக்குள்ள போயிட்டா போட்டோவும் இல்ல மீனும் இல்ல, அது எவ்வளவு பெரிசுன்னு ஊரெல்லாம் சொன்னாலும் ஸ்கோர் பூஜ்யம்தான்.

கயாக் பெடல் வச்சதுதான் வாங்கணும், இதுல எனக்கு ரெண்டாவது அபிப்ராயமே இல்ல. காத்து அடிக்கும்போது துடுப்பு போட்டுக்கிட்டே தூண்டில் வீச முடியாது, காலால மிதிச்சு ஒரே எடத்துல நிக்கலாம், கை ரெண்டும் ஃப்ரீ. புரொப்பெல்லர் வகைல பின்னாடி மிதிச்சா உடனே ரிவர்ஸ் வரும், ஆனா அலபாமா கன்டர்ஸ்வில் மாதிரி பாசி மண்டிக் கெடக்குற ஏரில சுத்திக்கிட்டு நின்னுடும், மீனோட துடுப்பு மாதிரி ஆடுற ஃபின் வகை அந்த எடத்துல எவ்வளவோ மேல். நான் ஃபின்தான் வச்சிருக்கேன், மாத்துற எண்ணம் இல்ல. எலக்ட்ரிக் மோட்டார் சில சீரிஸ்ல செல்லும், ஆனா பல மாநிலங்கள்ல மோட்டார் மாட்டினா கயாக்கைப் பதிவு பண்ணணும், அதையும் கணக்குல சேத்துக்கோங்க.

தண்ணிக்கு அடில மீன் இருக்கற எடத்தைக் காட்டுற ஃபிஷ் ஃபைண்டருக்கு லித்தியம் பேட்டரி போட்டதுல எடை நல்லாவே குறைஞ்சுது, விடியக்காலைல இருட்டுல எல்லாத்தையும் தூக்கிட்டுத் தண்ணிக்கு எறங்குறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும். லைஃப் ஜாக்கெட் தண்ணில இருக்கற நேரம் பூரா போட்டிருக்கணும்னு ரூல், தானா காத்து நிரம்புற வகைல சிலிண்டரையும் உள்ள இருக்கற, தண்ணி பட்டா கரையுற கட்டியையும் அப்பப்ப மாத்திட்டே இருக்கணும், அதனால நான் ஃபோம் வகைதான் போடுறேன், முதுகுப்பக்கம் உயரமா முடியுற மாதிரி வாங்கினா சீட்ல சாஞ்சு உக்காரும்போது இடிக்காது, முன் பாக்கெட்ல விசிலும் இடுக்கியும் எப்பவும் கிடக்கும்.