ஒட்டிக்கொள்ளும் புரதத்தோடு ஆறு ஆண்டுகள்

நார்த்திசுப் பெருக்கம் (ஃபைப்ரோசிஸ்) குறித்த ஆய்வைப் புதிதாகத் தொடங்கியிருக்கும் தோழி ஒருத்தி, மறுசேர்க்கை முறையில், அதாவது மரபணுவை வேறு செல்லில் புகுத்தித் தயாரிக்கப்படும் மனித டிஜிஎஃப்-பீட்டா 1 என்ற வளர்ச்சிக் காரணிப் புரதத்தை வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தாள். ஆறு ஆண்டுகளாக இதைப் பயன்படுத்தி வருகிறேன். ஆனாலும் அவளுக்கு ஒரே வரியில் பதில் எழுத என்னால் இயலவில்லை.

முதலில் அதற்கு உரிய பாராட்டைச் சொல்லிவிட வேண்டும். கூழாங்கற்களை நெருக்கிப் பரப்பியதுபோல் வளர்ந்திருக்கும் ஏ549 என்ற நுரையீரல் புற்றுநோய் செல்களுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்ற அளவில் இதைக் கொடுத்துவிட்டு 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால், அவை ஒன்றையொன்று விட்டு விலகி, நீண்டு, கதிர்போல் கூர்மையாகிக் கிடக்கும். செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதம் குறைந்திருக்கும், இடம்பெயரும் செல்களில் மிகுந்திருக்கும் விமென்டின் புரதம் கூடியிருக்கும். இத்தனைக்கும் அந்த அளவு ஏறத்தாழ 200 பிகோமோலார்தான். இவ்வளவு சிறிய அளவில் ஒரு செல்லின் வடிவத்தையே மாற்றிவிடும் பொருளை முதன்முதலாகக் கண்ட நாளின் வியப்பு இன்றும் எனக்குக் குறையவில்லை.

என் மனத்தாங்கல் எல்லாம் இது ஒட்டிக்கொள்வதைப் பற்றியதுதான். ஒவ்வொன்றும் 112 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சங்கிலிகள் டைசல்பைடு என்ற கந்தகப் பிணைப்பால் இணைந்து, 25 கிலோடால்டன் அளவில் அமைந்த இந்தப் புரதம் நீரை விரும்பாத பரப்பை நிறைய வெளியே காட்டிக்கொண்டிருப்பதால், நடுநிலை பிஎச் உள்ள கரைசலில் சரியாகக் கரையாமல் தன்னோடு தானே திரளும், இல்லையேல் குழாயின் சுவரிலும் பிப்பெட் முனையிலும் படிந்துவிடும். அதனால்தான் இதை 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் மாட்டு அல்புமின் என்ற இரத்தப் புரதத்தைச் சேர்த்துக் கரைக்கச் சொல்கிறார்கள். சுவரில் படிய வேண்டிய இடத்தை அல்புமின் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் ஆண்டில் அல்புமின் சேர்க்காத குப்பி ஒன்று வந்தது. மற்ற வளர்ச்சிக் காரணிகளைக் கரைத்துப் பழகிய கையால் அதையும் பாஸ்பேட் உப்புக் கரைசலில் கரைத்து வைத்தேன். அடுத்த மூன்று வாரங்கள், ஆன்டிபாடியைக் கொண்டு புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில், டிஜிஎஃப்-பீட்டாவின் சமிக்ஞை செல்லுக்குள் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் பாஸ்போ-ஸ்மாட்2 பட்டை நிழலைப்போல் மங்கலாகவே வந்தது. முதலில் ஆன்டிபாடியைச் சந்தேகித்தேன், பிறகு செல்களை, பிறகு செல்கள் வளர ஊடகத்தில் சேர்க்கும் இரத்தச் சீரத்தை. புதிய ஆன்டிபாடிகூட வாங்கியாயிற்று. குப்பியோடு வந்த தாளில் அமிலத்தில் கரைக்கவும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. அந்தத் தவறு முழுவதும் என்னுடையது, அதற்காகப் புரதத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தாளில் சொன்னபடியே எல்லாம் செய்த பிறகும் எரிச்சல் தீர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சீரம் இல்லாத ஊடகத்தில் நீர்த்து வைத்துவிட்டுக் கொஞ்சம் தாமதித்தால்கூடச் செறிவு குறையலாம், குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. கரைசலில் அல்புமின் நூறு மடங்குக்கு மேல் இருப்பதால் ஒளி உறிஞ்சுதலை அளந்தும் கண்டுபிடிக்க முடியாது. ஆன்டிபாடியால் புரத அளவை அளக்கும் எலைசா சோதனையைச் செய்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியுமே தவிர, இருப்பது வேலை செய்கிறதா என்பது தெரியாது. ஒவ்வொரு புதிய குப்பிக்கும் செல்களில் ஒரு மணி நேரம் கொடுத்து, ஸ்மாட்2 பட்டையைப் பழைய தொகுதியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே நான் நம்புகிறேன்.

குப்பியைத் திறக்குமுன் சிறிது நேரம் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிவிடுவேன், ஏனென்றால் 10 மைக்ரோகிராம் பொடி கண்ணுக்கே தெரியாமல் மூடியின் உட்புறத்தில் இருக்கக்கூடும். ஒரு மில்லிலிட்டரில் கரைத்து, புரதம் எளிதில் ஒட்டாத குழாய்களில் 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைப்பேன். அதில் ஒரு மைக்ரோலிட்டரை 2 மில்லிலிட்டர் ஊடகத்தில் விட்டால் வேண்டிய, மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் என்ற அளவு வந்துவிடும். உருக்கியதை மறுபடி உறைய வைப்பதில்லை. டிஜிஎஃப்-பீட்டா சேர்க்காமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கட்டுப்பாட்டுத் தட்டுக்கும் அதே அமிலமும் அல்புமினும் போக வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கன்றுக்குட்டிச் சீரத்தில் மாட்டின் டிஜிஎஃப்-பீட்டா 1 செயலற்ற வடிவில் இருக்கிறது, அதன் முதிர்ந்த வடிவம் மனிதனுடையதோடு அமினோ அமில வரிசையில் ஒன்றேதான் என்பதால், சீரத்தைக் குறைக்காமல் செய்யும் சோதனையில் எது யாருடைய வேலை என்று பிரித்தறிய முடியாது.

இவ்வளவையும் எழுதிவிட்டுத் தோழிக்கு நான் அனுப்பிய பதில், வாங்காதே என்பதுதான். மாதத்துக்கு இரண்டே சோதனைகள் செய்யப் போகிறவள் ஒரு முழுக் குப்பியைக் கரைத்து, அதன் கோணல்களையெல்லாம் முதலிலிருந்து கற்று, பாதியைக் குழாய்ச் சுவர்களுக்குக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. உலர்பனிப் பெட்டியோடு எங்கள் ஆய்வகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சென்ற மாதம் சோதித்துத் தேறிய தொகுதியிலிருந்து, கரைத்த தேதியும் தொகுதி எண்ணும் எழுதிய மூன்று குழாய்களை அவளுக்காகத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.