பலெர்மோ சந்தையில் மீன் சாப்பிடப் போகிறவர்கள் கவனம்

கோடை விடுமுறைக்குச் சிசிலி போகும் எங்கட ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்தக்காரரைப் பார்க்கவும், பெல்லெக்ரினோ மலையில் அந்த நகரின் காவல் புனிதரான சாந்தா ரோசாலியாவை வணங்கவும் நிறையப் பேர் பலெர்மோ போகிறோம். போனால் பல்லாரோ, காப்போ சந்தைகளைச் சுற்றாமல் திரும்புவதில்லை. எங்களை ஏமாற்றியது காப்போவில் ஒரு கடை.

ஐஸில் மீனைப் பரப்பி, பக்கத்தில் பிளாஸ்டிக் மேசை போட்டு, அங்கேயே சுட்டுக் கொடுக்கிற கடை. விலைப்பட்டியல் கிடையாது. மீனில் குத்தியிருந்த அட்டையில் 7 என்று பெரிதாக இருந்தது. அதன் மூலையில், பேனையால் எழுதிய பொடி எழுத்தில் ‘எத்தோ’. இத்தாலியில் எத்தோ என்றால் 100 கிராம். அப்படியென்றால் கிலோ 70 யூரோ! நாலு பேருக்கு எவ்வளவு வரும் என்று கேட்டோம். “யோசிக்காதீங்கள், நல்ல விலை” என்று சொல்லிக்கொண்டே பெரிய ஒராத்தா மீன் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். தராசு பக்கத்திலேயே இருந்தது. மீன் அதில் ஏறவே இல்லை, நேரே அடுப்புக்குப் போனது.

வந்த மீன் வெளியே கருகி, முள்ளடியில் சில்லென்று தண்ணீர் விட்டது. இறால் தொட்டாலே மாவாக உதிர்ந்தது. உறையவைத்த சரக்கென்றால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். மெனு வைக்கும் கடைகளில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். மெனுவே இல்லாத இடத்தில் குறியை எங்கே தேடுவது?

கணக்கு கையால் கிறுக்கிய துண்டில் வந்தது. மீன் 84, இறால் 28, குடிவகை 14, ஆளுக்கு 3 யூரோப்படி ‘கொப்பெர்த்தோ’ என்கிற மேசைக் கட்டணம் 12. மொத்தம் 138 யூரோ. 84 யூரோ என்றால் மீன் 1.2 கிலோ இருந்திருக்க வேண்டும். தலையையும் முள்ளையும் சேர்த்தாலும் எங்கள் தட்டில் அதில் பாதிகூட இல்லை. மேசைக் கட்டணத்தை ரோம் இருக்கிற லாட்சியோ மாநிலம் 2006இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. சிசிலியில் வாங்கலாம், ஆனால் முன்கூட்டியே எழுத்தில் காட்டியிருக்க வேண்டும்.

ரசீது கேட்டால் ‘நொன் ஃபிஸ்காலே’ (வரிக் கணக்கில் சேராதது) என்று அச்சடித்த சீட்டொன்றைத் தந்தார்கள். அது ரசீதே இல்லை. உண்மையான ரசீதில் ‘தொகுமெந்தோ கொமெர்ச்சாலே’ என்று இருக்கும். அத்தானுக்குப் போன் அடித்தோம். “காசைக் குடுக்காதை, போனை அவனிட்டைக் குடு” என்றார். அவர் பலெர்மோவிலேயே வளர்ந்தவர். இத்தாலியனில் கதைத்து, 117க்கு அடிக்கப்போவதாகச் சொன்னார். 117 குவார்தியா தி ஃபினான்சா, வரி ஏய்ப்பைப் பிடிக்கிற பொலிஸ். சில நிமிடத்தில் ஒழுங்கான ரசீது வந்தது, அதில் தொகை 95 யூரோ! முதல் கணக்கு நேர்மையானதென்றால் ஏன் குறைய வேண்டும்? மொழி தெரியாத வேறொரு குடும்பம் 138ஐயும் கட்டிவிட்டுத்தான் போயிருக்கும். அதை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

எல்லாக் கடையும் இப்படியில்லை. அக்கா வழமையாக வாங்கும் பல்லாரோ கடையில் ஒவ்வொரு மீனுக்கும் அட்டை உண்டு. பெயர், கடலில் பிடித்ததா பண்ணையில் வளர்த்ததா, எந்தக் கடல் என்பதெல்லாம் அதில் இருக்கும். மத்தியதரைக் கடல் மீனென்றால் ‘எஃப்ஏஓ 37’. ஐரோப்பியச் சட்டப்படி இதெல்லாம் காட்டியே ஆக வேண்டிய விபரம். அட்டை இல்லாத கடையில் உட்கார வேண்டாம். உட்கார்ந்தால், உங்கள் கண்முன் நிறுத்து, விலையை எழுதித் தந்த பிறகுதான் மீன் அடுப்புக்குப் போக வேண்டும்.

அதே சந்தையில் பிஸ்தா கிரீமும் வாங்கினோம். முன்பக்கம் எத்னா மலைப் படம், ‘ப்ரொந்தே’ என்று பெரிய எழுத்து. எத்னா அடிவாரத்து ஊரான ப்ரொந்தேயின் பிஸ்தா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டுமே அறுவடையாகும் விலை கூடிய சரக்கு. பின்பக்கத்தில் முதலில் சீனி, அடுத்து சூரியகாந்தி எண்ணெய், அதற்குப் பிறகுதான் பிஸ்தா, அதுவும் 15 வீதம். கடைசியில் ஈ141 என்ற பச்சைச் சாயம். கூடுதலாக உள்ள பொருளைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பதால் அந்தப் பட்டியல் பொய் சொல்லாது. அந்த ஊர்ச் சரக்குத்தான் என்று உறுதிப்படுத்தும் ‘டிஓபி’ முத்திரையும் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனோம், மூடி திறந்துவிட்டதாம், எடுக்கமாட்டார்களாம். காசு கொடுக்க முதல் போத்தலைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசியுங்கள்.