உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டு: ஆறு வருஷம் உள்ளே இருந்த கதை

2008 ஜூனில் எனக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அப்போது வயது 43. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவதை ஏவிஎன் என்பார்கள், எனக்கு வந்தது அதுதான். கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கிற தொழில். நாள் முழுக்க நின்றே ஆக வேண்டும்.

எந்தக் கம்பெனி மூட்டு, எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. வகையை மட்டும் சொல்கிறேன்: பந்தும் உலோகம், அது உட்காரும் கிண்ணமும் உலோகம், இரண்டுமே கோபால்ட் குரோமியம் கலவை. 'மெட்டல் ஆன் மெட்டல்' என்பார்கள். பந்து பெரிசு, அதனால் நழுவாது. பிளாஸ்டிக் கிண்ணம் மாதிரி தேயாது. வயசு குறைந்தவர்களுக்கு, ஓடியாடி வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் சரி என்றார்கள்.

ஷாஃப்ட்டையும் புஷ்ஷையும் ஒரே உலோகத்தில் போட்டால் ஒன்றையொன்று கவ்வும் என்பது எங்கள் பட்டறையில் முந்தாநாள் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும். அதனால்தான் ஸ்டீல் ஷாஃப்ட்டுக்கு கன்மெட்டல் புஷ் போடுகிறோம். டாக்டரிடம் இதைக் கேட்கவும் செய்தேன். மூட்டு நீர் நடுவில் ஆயில் படலம் மாதிரி நிற்கும், உலோகம் உலோகத்தைத் தொடவே தொடாது என்றார். கேட்க நன்றாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதல் மூன்று வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருதமலைப் படி ஏறினேன். பட்டறையில் பத்து மணி நேரம் நின்றேன். யார் கேட்டாலும் தைரியமாகச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி நான் சொன்னதைக் கேட்டுப் போனவர்கள் இரண்டு பேர். நல்லவேளை, அவர்களுக்கு வேறு வகை வைத்தார்கள்.

2011 கடைசியில் தொடை இடுக்கில் ஒரு மந்தமான வலி. நாற்காலியிலிருந்து எழும்போது 'கிர்க்' என்று ஒரு சத்தம். எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டு அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, பிரமாதம் என்றார்கள். அடுத்த ஒன்றரை வருஷத்தில் நாலு எக்ஸ்ரே, நாலு பிரமாதம்.

அப்புறம் காது. இரண்டு காதிலும் ராத்திரி முழுக்க ஒரு ரீங்காரம். லேத் சத்தத்திலேயே வாழ்கிறவன் நான், காது போகாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். "ஏனுங்க, தெருவுக்கே கேக்குதுங்க" என்று வீட்டில் ரிமோட்டைப் பிடுங்குவாள். வாயில் சில நாள் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி. மதியத்துக்கு மேல் காரணமில்லாத அசதி. இதையெல்லாம் இடுப்போடு சேர்த்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை, பார்த்த மூன்று டாக்டர்களுக்கும் தோன்றவில்லை.

சேர்த்துப் பார்த்தவர் நான்காவதாகப் போன டாக்டர், 2013இல். உள்ளே இருப்பது என்ன வகை என்று முதலில் கேட்டவரும் அவர்தான். எனக்குத் தெரியவில்லை. பழைய டிஸ்சார்ஜ் ஃபைலைத் தேடி எடுத்தால், கடைசிப் பக்கத்தில் மங்கிப்போன இரண்டு ஸ்டிக்கர்கள். பந்துக்கு ஒன்று, கிண்ணத்துக்கு ஒன்று, லாட் நம்பரோடு. அதைப் பார்த்ததும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோபால்ட், குரோமியம் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

இந்தப் பரிசோதனை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் தடவை அதையே தப்பாகச் செய்தார்கள். சாதாரண ஊசியில் எடுத்து சாதாரண ஊதா மூடிக் குழாயில் அடைத்துவிட்டார்கள். ஊசியே ஸ்டீல், அதிலிருந்தே துளி குரோமியம் ரத்தத்தில் கலக்கும். டாக்டர் திட்டி அனுப்பிய பிறகு, பிளாஸ்டிக் கானுலா போட்டு, முதலில் வந்த ரத்தத்தைத் தள்ளிவிட்டு, அடுத்து வந்ததைக் கருநீல மூடி போட்ட குழாயில் பிடித்தார்கள். அந்தக் குழாய் நுண்ணிய உலோக அளவுகளுக்கென்றே வருவது. கோவையில் செய்ய வசதியில்லை, மும்பைக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள்.

மூட்டு வைக்காத ஒருவர் ரத்தத்தில் கோபால்ட் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்கும். 7-ஐத் தாண்டினால் கட்டாயம் கவனிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் சொல்லியிருந்தது. எனக்கு கோபால்ட் 38, குரோமியம் 24.

டாக்டருக்கு ஒரு சந்தேகம். கார்பைடு டூல் தீட்டுகிற தூளிலும் கோபால்ட் உண்டு, பட்டறையிலிருந்து ஏறியிருக்குமோ என்றார். நியாயமான கேள்விதான். பதினைந்து வருஷமாக என் பக்கத்திலேயே நின்று டூல் தீட்டுகிற ஃபோர்மேனும் ரத்தம் கொடுத்தார். அவருக்கு 1-க்கும் கீழே.

அப்புறம் எம்ஆர்ஐ. உலோகம் இருந்தால் படம் முழுக்கக் கருந்திட்டாகிவிடும், அதைக் குறைக்கிற தனி முறையில் எடுக்க வேண்டும். அந்த வசதி இருக்கிற சென்டரைத் தேடிப் பிடித்தோம். மூட்டைச் சுற்றி நீர் கோத்து, கட்டி மாதிரி ஒரு பை. புற்றுநோய் இல்லை, ஆனால் பக்கத்துத் தசையை அரித்துக்கொண்டிருக்கிறது. எலும்பில் மூட்டு கெட்டியாகத்தான் இருந்தது, எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. தசையை எக்ஸ்ரே காட்டாது, அவ்வளவுதான்.

இதயத்துக்கு எக்கோவும் எடுக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்குச் சொன்ன கதை மறக்கவில்லை. 1960களில் கனடாவின் கியூபெக்கில் நுரை நிற்பதற்காக பீரில் கோபால்ட் உப்பு கலந்தார்களாம். அதை நிறையக் குடித்தவர்கள் இதயத் தசை கெட்டுச் செத்திருக்கிறார்கள். என் இதயம் தப்பித்தது.

அந்த மாதங்களில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதிகம் அடிபட்ட பெயர் டெப்யூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் மூட்டு. என்னுடையது அது இல்லை, ஆனால் வகை ஒன்றுதான். உலகம் முழுக்கச் சுமார் 93,000 பேருக்கு வைத்த பிறகு 2010 ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். ஐந்து வருஷத்துக்குள் சுமார் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டதாக இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டுப் பதிவேடு காட்டியதுதான் காரணம். அதன் கிண்ணம் ஆழம் குறைவு. கிண்ணம் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலும் பந்து விளிம்பில் ஏறி உரசும். விளிம்பில் ஆயில் படலம் நிற்காது. பேரிங் வேலை செய்கிறவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அலாஸ்காவில் ஸ்டீபன் டவர் என்று ஒரு எலும்பு டாக்டர், தன் இடுப்பிலேயே ஏஎஸ்ஆர் வைத்திருந்தவர். கோபால்ட் அளவு 100-ஐத் தாண்டி, காதும் மூளையும் இதயமும் படுத்திய பாட்டை மருத்துவ இதழில் எழுதினார். அதில் காது பற்றிய பகுதியை வீட்டில் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம் ரிமோட் சண்டை நின்றது.

இந்தியாவில் ஏஎஸ்ஆர் வைத்தது சுமார் 4,700 அறுவைகளில். 2017இல் மத்திய அரசு போட்ட நிபுணர் குழு, ஆளுக்குக் குறைந்தது 20 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2018 கடைசியில் அது 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி வரை என்று கணக்காகி, வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. யாருக்கு எது வைத்தோம் என்ற ஏடு இல்லை. அதைப் படித்த அன்றைக்கு என் இரண்டு ஸ்டிக்கர்களையும் நாலு காப்பி எடுத்தேன்.

2014 பிப்ரவரியில் மறு அறுவை. பந்தைத் தாங்க தொடை எலும்புக்குள் இறக்கியிருக்கும் தண்டு எலும்பில் நன்றாகப் பிடித்திருந்ததால் அதை விட்டுவிட்டு, பந்துக்குப் பதில் செராமிக், கிண்ணத்துக்குள் பாலிஎத்திலின் என்கிற பிளாஸ்டிக் போட்டார்கள். திறந்தபோது எடுத்த போட்டோவை டாக்டர் காட்டினார். லேத்தின் கூலன்ட் டேங்க் அடியில் சேருமே, சாம்பலும் கறுப்புமாக ஒரு சேறு, அதே நிறம். அது என் தொடைக்குள் இருந்திருக்கிறது. கழற்றிய பந்தைக் கேட்டு வாங்கி, நுணுக்கமான மேடுபள்ளத்தை முள்ளால் காட்டுகிற டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தோம். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஆனால் ஒரு பக்கம் முள் தெளிவாக விழுந்தது. மைக்ரான் கணக்குத்தான், இவ்வளவு பாடு படுத்தினது அந்தத் தேய்மானம்தான்.

மூன்று மாதத்தில் கோபால்ட் 4-க்கு இறங்கியது, ஒரு வருஷத்தில் 1-க்குக் கீழே. குரோமியம் மெதுவாகத்தான் இறங்கும், எனக்கு மூன்று வருஷம் ஆனது. வாய் ருசியும் அசதியும் போய்விட்டன. காது பாதிதான் திரும்பியது, மீதி லேத்தின் கணக்கா கோபால்ட்டின் கணக்கா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அரித்துப்போன தசை வரவே இல்லை. வலது பக்கம் சாய்ந்துதான் நடக்கிறேன், தூரமாகப் போனால் கைத்தடி.

செராமிக்கோ உலோகமோ, பாலிஎத்திலின் கிண்ணத்தில் உரசுகிற சாதாரண மூட்டு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துப் பயந்து ஓட வேண்டாம். இன்றைக்கு வைப்பதில் பெரும்பாலானவை அந்த வகைதான். 2003இலிருந்து 2012 வாக்கில் உலோகக் கிண்ணத்தில் பெரிய உலோகப் பந்து வைத்துக்கொண்டவர்கள் மட்டும், வலி இல்லாவிட்டாலும், ஃபைலை எடுத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் ஆஸ்பத்திரி ரெக்கார்ட் செக்ஷனில் ஆபரேஷன் நோட்ஸ் நகல் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

2019இல் இடது இடுப்பும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. செராமிக் பந்து, பாலிஎத்திலின் கிண்ணம். டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டி முடித்த பிறகும் கவுன்டரை விட்டு நகரவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் வரட்டும் என்றேன். அதெல்லாம் எங்கள் ஃபைலில் இருக்கும் சார் என்றாள் அந்தப் பெண். இருக்கட்டும்மா, எனக்கும் ஒன்று வேண்டும் என்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து வாங்கிவந்தேன். இப்போது இரண்டு பக்கத்து ஸ்டிக்கர் போட்டோவும் வீட்டுக்காரி போனில், கேஸ் புக் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.