மைப்பேனாவுக்கு ஏற்ற நோட்டுப் புத்தகம்: கடைசிப் பக்கம் வரை எழுதிப் பார்த்த அனுபவம்

மைப்பேனா வைத்திருப்பவர்கள் நோட்டுப் புத்தகங்களை மதிப்பிடும்போது பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். புதிய நோட்டைப் பிரித்து, கைவசம் உள்ள மைகளால் நான்கு வரி எழுதி, தாளைத் திருப்பிப் பார்த்து, நல்லது அல்லது ஆகாது என்று முடிவு சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சோதனை தேவையானதுதான். ஆனால் நாள்தோறும் எழுதுகிறவருக்கு அது பாதிக் கேள்விக்குத்தான் பதில் தரும். நோட்டின் நடுப்பகுதியில், தையலை ஒட்டிய ஓரத்தில், கை வியர்த்திருக்கும் நேரத்தில், எழுதி முடித்தவுடன் மூடிவைக்க வேண்டிய அவசரத்தில் அந்தத் தாள் எப்படி நடந்துகொள்கிறது என்பது எழுதி எழுதித்தான் தெரியவரும். நாட்குறிப்பு, படித்தவற்றின் குறிப்புகள், கடித வரைவுகள் என்று பல ஆண்டுகளாக மைப்பேனாவால் மட்டுமே எழுதிவரும் நான் வந்து சேர்ந்திருக்கும் கருத்து இதுதான்: மையை மிக அழகாகக் காட்டும் தாளும் அன்றாடம் எழுதத் தோதான தாளும் ஒன்றாக இருப்பதில்லை, எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு நோட்டைத் தேடுவதே சரி.

என் பேனாவும் மையும் எவை என்று சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவற்றை அறியாமல் தாளைப் பற்றிய எந்த மதிப்பீட்டையும் எடைபோட முடியாது. நான் அதிகம் பயன்படுத்துவது மை தாராளமாக இறங்கும் நடுத்தர நிப். அடுத்தபடியாக ஜப்பானிய ஃபைன் நிப் ஒன்று. ஒரே பெயரிட்டிருந்தாலும் ஜப்பானிய நிப்கள் ஐரோப்பிய நிப்களைவிட ஏறத்தாழ ஒரு படி மெல்லிய கோடு போடுபவை. மைகளில் சாதாரணச் சாய மைகளும், கறுப்பு-நீல அயர்ன் கால் மை (இரும்பு உப்பு சேர்ந்த, நீரில் அழியாத மை) ஒன்றும் சுழற்சியில் உள்ளன. மெல்லிய நிப்பையும் மை குறைவாக இறங்கும் பேனாவையும் மட்டுமே வைத்திருப்பவருக்கு நான் குறை சொல்லும் தாள்களில் பல குறையற்றவையாகவே தோன்றக்கூடும்.

மைப்பேனா மையின் பெரும்பகுதி தண்ணீர்தான். தாளின் செல்லுலோஸ் இழைகளோ தண்ணீரை விரும்பி உறிஞ்சுபவை. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு தடை இல்லாவிட்டால் எழுதிய கோடு இழைகளின் வழியே எல்லாத் திசையிலும் ஓடிவிடும். அந்தத் தடையைத்தான் காகித ஆலைகளில் சைஸிங் என்கிறார்கள். கூழிலேயே நீரை விலக்கும் பொருளைக் கலப்பது ஒரு முறை. முன்பு ரோசினும் படிகாரமும் கலந்தார்கள், இப்போது ஏகேடி போன்ற வேதிப்பொருள்கள் பரவலாகப் பயன்படுகின்றன. தாள் உருவான பிறகு அதன் மேற்பரப்பில் ஸ்டார்ச் பூசுவது இன்னொரு முறை. கஞ்சி போட்ட துணியில் தண்ணீர்த்துளி சட்டென்று ஊறாமல் ஒரு கணம் தயங்கி நிற்குமே, அதே தயக்கம்தான் நல்ல தாளில் மைக்கு ஏற்படுகிறது. இந்தத் தயக்கத்தை அளக்க ஐஎஸ்ஓ 535 என்ற முறையில் காப் சோதனை இருக்கிறது: குறிப்பிட்ட நேரத்தில், வழக்கமாக 60 வினாடிகளில், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். நமக்கு உண்மையில் வேண்டிய எண் அதுதான். ஆனால் எந்த நோட்டின் அட்டையிலும் அதை நான் பார்த்ததில்லை. அச்சிட்டுத் தருவது ஜிஎஸ்எம் மட்டுமே.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, வேறொன்றுமில்லை. ஏ5 அளவுத் தாள் ஒரு சதுர மீட்டரில் 32இல் ஒரு பங்கு என்பதால், 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 2.5 கிராம் இருக்கும். நூறு தாள் கொண்ட நோட்டு, அட்டை நீங்கலாக, 250 கிராம். அதே நோட்டை 52 ஜிஎஸ்எம் தாளில் செய்தால் சுமார் 160 கிராம்தான். சுமந்து செல்லும் எடையையும் நோட்டின் பருமனையும் கணிக்க இந்த எண் உதவும். மை ஊறுமா ஊறாதா என்பதற்கு இது சாட்சியாகாது. தடித்த, 100 ஜிஎஸ்எம் என்று பெருமையாக அச்சிட்ட ஒரு நோட்டில் என் நடுத்தர நிப் எழுதியதெல்லாம் மயிர்க்கால் விட்டுப் பரவியதும், அதில் பாதி எடைகொண்ட தாளில் அதே மை கத்தியால் வெட்டியதுபோல் நின்றதும் நான் கண்ணால் கண்டவை. தடிமனை நம்பி நோட்டு வாங்கும் பழக்கத்தை எவரும் தயங்காமல் விட்டுவிடலாம்.

தாளின் குறைகளை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது வசதி. கோட்டின் விளிம்பு இறகுபோல் பரவுவதை ஃபெதரிங் என்கிறார்கள். மை தாளைத் துளைத்து மறுபக்கத்தில் கறையாக வருவது ஊடுருவல். மை ஊடுருவாமலே எழுத்தின் நிழல் மறுபக்கத்தில் தெரிவது மூன்றாவது. முதல் இரண்டும் சைஸிங்கைச் சார்ந்தவை. மூன்றாவது தாளின் ஒளிபுகாத் தன்மையைச் சார்ந்தது. அதைத் தடிமனும் தாளில் கலக்கும் கால்சியம் கார்பனேட் போன்ற நிரப்பிகளும் தீர்மானிக்கின்றன. நிழல் தெரிவதைப் பலரும் பெருங்குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது சில நாள்களில் பழகிவிட்டது. ஃபெதரிங்கைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை, அதற்குத் தமிழில் எழுதுவதும் ஒரு காரணம். ‘ண’, ‘ன’, ‘ழ’, ‘ஞ’ என்று நம் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. சிறிய கையெழுத்தில் மை சற்றே பரவினாலும் சுழிகள் அடைபட்டு, ‘ண’வா ‘ன’வா என்று எழுதியவரே உற்றுப்பார்க்க நேரிடும். புள்ளியின் கதை இன்னும் சுவையானது. கோடு இழுக்கும்போது நிப் நகர்ந்துகொண்டே இருக்கிறது. புள்ளி வைக்கும்போதோ ஒரே இடத்தில் குத்தி ஒரு கணம் நிற்கிறது, அந்தக் கணத்தில் மை அங்கேயே இறங்குகிறது. அதனால் நடுத்தரமான தாள்களில் முதலில் மறுபக்கம் எட்டிப்பார்ப்பவை மெய்யெழுத்துகளின் புள்ளிகள்தாம். வரிகள் எதுவும் தெரியாமல் புள்ளிகள் மட்டும் கோலம்போல் பரவிக் கிடக்கும் பின்பக்கங்கள் என் பழைய நோட்டுகளில் நிறைய உண்டு. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து ‘ஊடுருவல் இல்லை’ என்று சொல்லப்படும் மதிப்பீடுகளைத் தமிழில் எழுதுகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மையின் அழகைப் பேசுகிறவர்கள் எல்லோரும் வந்து நிற்கும் இடம் தொமோயே ரிவர். ஜப்பானின் தொமோயேகாவா நிறுவனம் தயாரித்துவந்த இந்தத் தாளை, 2021ஆம் ஆண்டு வாக்கில் அந்நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியபின், சான்சென் என்ற வேறொரு ஜப்பானிய ஆலை தயாரிக்கிறது. பெரிதும் அறியப்பட்டவை 52, 68 ஜிஎஸ்எம் என்ற இரு எடைகள். 52இல் தாள் அத்தனை மெல்லியது; ஆயினும் மை ஊறுவதில்லை. மேற்பரப்பிலேயே தங்கி மெல்ல உலர்வதால், ஒரே கோட்டில் வெளிறிய இடமும் அடர்ந்த இடமும் தனித்தனியே தெரிகின்றன. சாயம் செறிந்த மைகளில் கோட்டின் விளிம்பில் வேறொரு நிறம் மினுங்குகிறது, நீல மையில் செம்மை பளபளப்பதுபோல. இவ்வளவும் நிகழக் காரணமான அந்தத் தாமதமே அன்றாடப் பயன்பாட்டில் விலையாகிறது. உறிஞ்சாத தாளில் மை ஆவியாகித்தான் உலர வேண்டும். தாராளமாக மை விடும் நிப்பில் அரை நிமிடம் காத்திருப்பது இயல்பு. யோசித்து யோசித்துக் கடிதம் எழுதுகிறவருக்கு அரை நிமிடம் ஒன்றுமில்லை. கூட்டத்தில் வேகமாகக் குறிப்பெடுத்துப் பக்கத்தைத் திருப்புகிறவருக்கு அது எதிர்ப்பக்கத்தில் படியும் கறை. ஒற்றுத்தாளை இடையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒற்றி எடுத்த கோட்டில் அந்த மினுக்கம் போய்விடும், பிறகு எதற்காக அந்தத் தாள் என்ற கேள்வி எழும். இடக்கையால் எழுதுகிறவர்களின் கை, எழுதிய வரியின்மேலேயே நகரும் என்பதால் அவர்களுக்கு இது இன்னும் கடினம். நான் இந்தத் தாளைக் கடிதத்துக்கும் நிதானமாகப் படியெடுக்கும் பகுதிகளுக்கும் ஒதுக்கிவிட்டேன். அங்கே அதற்கு நிகர் இல்லை.

இத்தகைய வழவழப்பான தாள்களில் கையின் எண்ணெய்ப்பசையும் ஒரு சிக்கல். மேலிருந்து எழுதிக்கொண்டு வரும்போது உள்ளங்கை பக்கத்தின் கீழ்ப்பகுதியில் பட்டுக்கொண்டே இருக்கிறது; கடைசி ஐந்தாறு வரிகளில் மை ஒட்டாமல் கோடு அறுந்து அறுந்து விழுகிறது. பேனாதான் பழுது என்று நினைத்து நிப்பைக் கழுவுகிறவர்கள் உண்டு. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

அன்றாட எழுத்துக்கு நான் திரும்பத் திரும்ப வாங்குவது கிளேர்ஃபோன்டேன் தாள் கொண்ட நோட்டுகள். 1858 முதல் பிரான்சின் வோஜ் பகுதியில் காகிதம் செய்துவரும் ஆலை அது. 1934இல் தொடங்கிய ரோடியா என்ற நோட்டு நிறுவனமும் 1997 முதல் அதன் கையில்தான் இருக்கிறது. ரோடியாவின் ஆரஞ்சு அட்டைப் பேடுகளில் 80 ஜிஎஸ்எம் தாளும், கெட்டி அட்டை வெப்நோட்டுப் புத்தகங்களில் 90 ஜிஎஸ்எம் தந்த நிறத் தாளும் வருகின்றன. நிப் வழுக்கிக்கொண்டு போகும், ஃபெதரிங் இல்லை, என் பேனாக்களில் இருபக்கமும் எழுத முடிகிறது. உலரும் நேரமும் பொறுத்துக்கொள்ளத்தக்கது. இந்த வழுக்கல் சிலருக்குப் பிடிக்காது. நிப்புக்கு மெல்லிய பிடிமானம் வேண்டும் என்பவர்களுக்கு மிதோரி எம்டி தாளைச் சொல்வேன்: வெளிர் மஞ்சள் நிறம், கண்ணை உறுத்தாது, எழுதும்போது ஒரு சன்னமான உரசல் விரலுக்குத் தெரியும். மெல்லிய நிப்பால் எழுதும்போது அந்த உரசல் கையெழுத்தைக் கொஞ்சம் அடக்கி ஒழுங்காக்குகிறது என்பது என் எண்ணம். லாய்ஷ்டுர்ம் 1917 நோட்டுகளின் சிறப்பு தாளைவிட அமைப்பில் இருக்கிறது. பக்க எண்களும் பொருளடக்கத்துக்கான வெற்றுப் பக்கங்களும் அச்சிட்டே வருவதால், பழைய குறிப்பைத் தேடி எடுக்கிறவருக்கு அதுவே போதிய காரணம்.

தாளுக்கு அடுத்தபடி கட்டுமானம். தாள்களைச் சிறு கற்றைகளாக மடித்து நூலால் தைத்த நோட்டு, இடையில் எங்கே திறந்தாலும் மேசையில் படிந்து கிடக்கும். முதுகில் பசை மட்டும் வைத்து ஒட்டியது படியாது. நடுவில் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே எழுத வேண்டும், பலமாக விரித்தால் ஒருநாள் தாள் கையோடு வரும். பால்பாயின்ட் பேனாவை எந்தக் கோணத்திலும் அழுத்தி எழுதிவிடலாம். மைப்பேனாவின் நிப் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தாளைத் தொட்டால்தான் மை சீராக வரும் என்பதால், முதுகை நோக்கி வளைந்து இறங்கும் பக்கத்தில் வரியின் முனை கெட்டுப்போகிறது. தையல் இருக்கிறதா என்று அறிய நோட்டின் மேல்விளிம்பைப் பாருங்கள்: முதுகோரம் சிறு சிறு வளைவுகளாகத் தெரிந்தால் கற்றைகள் உண்டு, நேராக வெட்டியதுபோல் இருந்தால் பசைதான். தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக அமைந்திருப்பதும் முக்கியம். குறுக்கே இருந்தால் பக்கங்கள் விறைத்துக்கொண்டு நிற்கும், ஈரக்காற்றில் முதுகோரம் அலையலையாக நெளியும். ஸ்பைரல் நோட்டுகள் முழுவதும் மடங்கும் என்றாலும் இடப்பக்கத்தில் எழுதும்போது கம்பி கையைத் தடுக்கும், எனக்கு ஒத்துவரவில்லை.

கோட்டின் இடைவெளியைப் பற்றி ஒரு சொல். நம் எழுத்தில் மேலே சுழியும் கீழே வாலும் உண்டு. ‘மூ’வின் வாலுக்கும் அடுத்த வரியில் வரும் ‘கீ’யின் சுழிக்கும் இடம் வேண்டும். நடுத்தர நிப்புக்கு 7 மில்லிமீட்டர் இடைவெளி சரியாக இருக்கிறது. 5 மில்லிமீட்டர் புள்ளிக்கட்டம் மெல்லிய நிப்புக்கே பொருந்தும். அகலமான நிப்பானால் ஒரு வரி விட்டு எழுத வேண்டியிருக்கும். கோடுகள் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருப்பது நல்லது. கோட்டின் அச்சு மையே எண்ணெய்ப்பசையாக இருந்து, எழுதும் மையை விலக்கித் தள்ளிய ஒரு நோட்டும் என்னிடம் இருந்தது.

நெடுநாள் வைத்திருக்க நினைப்பவர்கள் அமிலமற்ற தாளா என்று பார்க்க வேண்டும். நிலைத்து நிற்கும் தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 குறிப்பு இருந்தால் நல்லது. ஆனால் தாள் மட்டும் நிலைத்துப் பயனில்லை. கழுவினால் போகும் ராயல் புளூ போன்ற சாய மைகள் வெளிச்சத்தில் வெளிறிவிடும். டானிக் அமிலமும் இரும்பு உப்பும் சேர்ந்த அயர்ன் கால் மை, எழுதியபின் காற்றுபட்டுக் கறுத்து இழைகளுக்குள் கரையாத பொருளாகப் படிந்துவிடுவதால் நீருக்கு அஞ்சாது. அதனிடம் இன்னொரு நன்மையும் கண்டேன்: மற்ற மைகள் பரவுகிற சுமாரான தாளிலும் அது பெரும்பாலும் அடங்கி நிற்கிறது. நோட்டை மாற்ற வழியில்லாதவர், பேனாவை அவ்வப்போது கழுவும் பொறுமை இருந்தால், மையை மாற்றிப் பார்க்கலாம்.

புதிய நோட்டு கைக்கு வந்ததும் நான் கடைசித் தாளில் சோதிப்பேன். மிகத் தாராளமாக மை விடும் பேனாவால் மெய்யெழுத்துகள் நிறைந்த இரண்டு வரி. உள்ளங்கையைச் சற்று நேரம் அழுத்தி வைத்த இடத்தில் ஒரு வரி. தையலை ஒட்டி ஒரு வரி. ஐந்து, பத்து, இருபது வினாடிகள் விட்டு விரலால் தேய்த்துப் பார்க்கும் கோடுகள். பிறகு அதே தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி. தாளின் இரு முகங்களும் எப்போதும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால் இந்தக் கடைசிச் சோதனையை விடக் கூடாது. ஒரு நோட்டு தேறிவிட்டது என்பதற்காக அதையே பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குவதையும் நான் நிறுத்திவிட்டேன். அதே பெயரில் வரும் நோட்டின் தாள் அடுத்த முறை மாறியிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஈரப்பதத்தில் நெடுநாள் கிடந்த தாள் புதிதாக இருந்தபோது தாங்கிய மையைப் பின்னர் தாங்காமல் போவதையும் கண்டிருக்கிறேன். கையில் எழுதுவது ஒன்று, காற்றுப் புகாத உறையில் அடுத்தது ஒன்று, அவ்வளவே இப்போது என் கையிருப்பு.