ஒரு பக்க நிதித் திட்டம்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

கடனில் இருக்கும் நண்பர் ஒருவர், "அந்த ஒரு பக்கத் திட்டம் உண்மையில் உதவுகிறதா?" என்று கேட்டார். பல ஆண்டுகளாக அதன்படி நடப்பவன் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். வரவு, செலவு, கடன், சேமிப்பு என்ற தலைப்புகளில் வீட்டுக் கணக்கை ஒரே தாளில் எழுதி, அதன்படி நடப்பதுதான் அத்திட்டம்; தலைப்புகளை விளக்கத் தேவையில்லை.

என் ஆத்திரமெல்லாம் அத்தாளில் வருமானத்தைப் பிரிக்கும் 50-30-20 பங்கீட்டின் கடைசிப் பங்கின் மீதுதான். அமெரிக்க அரசியல்வாதி எலிசபெத் வாரனும் அவர் மகள் அமீலியா வாரன் தியாகியும் 2005-இல் வெளியிட்ட நூலால் பரவிய கணக்கு இது. கைக்கு வரும் வருமானத்தில் பாதி தேவைக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, மீதி 20 சேமிப்புக்கும் கடனடைப்புக்கும். சேமிப்பு, கடனடைப்பு இரண்டையும் ஒரே பங்கில் போட்டுவிட்டு, எது முதலில் என்று பலரும் சொல்வதே இல்லை. அவசரத் தேவைக்கென 6 மாதச் செலவைக் கையிருப்பாக வைக்கச் சொல்கிறார்கள். மாதச் செலவு வருமானத்தில் 80 சதவீதம். ஒதுக்குவது 20 சதவீதம். அப்படியானால் கையிருப்பு சேர 24 மாதம் ஆகும். மாதம் 3 சதவீதக் கூட்டுவட்டியில் கட்டாமல் விட்ட கடன் இரட்டிப்பாகவும் அதே 24 மாதம்தான்! குறைந்தபட்சத் தவணை மட்டும் கட்டினாலோ, பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அசையாது. நியாயமாகச் சொன்னால், கடனில்லாதவருக்கு இந்தப் பங்கீட்டில் குறையில்லை. கடன்காரருக்கு ஏன் இப்படியொரு புதிர்?

தாளின் அடியில் பென்சிலால் நான் சேர்த்த ஒரு வரிதான் எதிர்பாராத மகிழ்ச்சி. காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வண்டிப் பராமரிப்பு என ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் செலவுகளைக் கூட்டி 12-ஆல் வகுத்தேன். மொத்தம் 60,000 என்றால் மாதம் 5,000. சம்பளம் வந்த அன்றே அது தனிக் கணக்குக்குப் போய்விடுகிறது. பிரீமியம் கட்டும் மாதம் வந்தால் முன்பெல்லாம் யாரிடம் கைமாற்று வாங்குவது என்று தவிப்பேன். இப்போது அதுவும் மற்ற மாதங்களைப் போலவே கழிகிறது. இந்த ஒரு வரிக்காகவே இத்திட்டத்தைக் காலமெல்லாம் வைத்திருப்பேன்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒரு மாதச் செலவுக்கு மட்டும் கையிருப்பு ஒதுக்குங்கள். சதவீதங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சப்படும் ஒவ்வொரு காசையும் வட்டி அதிகமான கடனில் கட்டுங்கள். அது தீர்ந்ததும் வாருங்கள், என் தாளையே நகலெடுத்துத் தருகிறேன்.