பெட்டி பக்கத்தில், கட்டி மடியில்: ஸ்கைரிம் சாமான்கள்

ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று காத்தான்குடிக் கூட்டாளி ஒருவர் கேட்டார். 2011இல் வந்த கேம், 2016இல் மெருகேற்றி மறுபடி விட்டார்கள். டிராகன், சண்டை, மலையழகு எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. பொறுக்குகிற சாமான்களைப் பற்றித்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. பாதி நேரம் போவதோ அதில்தான்.

முதலில் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். வாள் அடிக்கவோ, தாது உருக்கவோ, தோலை வார் வாராக வெட்டவோ போனால், மேலில் சுமந்திருப்பது மட்டும்தான் கணக்கு. இரண்டு எட்டுத் தள்ளிச் சொந்தப் பெட்டியில் நூறு இரும்புக் கட்டி கிடந்தாலும் பட்டறைக்குக் கண் தெரியாது. பெட்டியைத் திற, எடு, பட்டறைக்கு வா, தோல் வார் ஒன்று குறையுது, மறுகா பெட்டிக்கு ஓடு. மருதமுனையில் தறி நெய்கிறவர் வீட்டு நூல் முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டா நெய்கிறார்? ஹார்த்ஃபயர் என்ற வீடு கட்டும் கூடுதல் பகுதியில் காணி வாங்கி வீடு கட்டும்போதும் இதே கூத்துத்தான். ஒரு இரும்புக் கட்டியில் ஆணி என்றால் 10, கீல் என்றால் 2. எல்லாவற்றையும் சுமந்தபடிதான் நிற்க வேண்டும். அறுத்த மரத்துக்கு மட்டும் காசைக் கொடுத்தால் போதும், சுமக்காமலே கணக்கில் சேர்ந்துவிடும். ஆக, கேமைச் செய்தவர்களுக்கு இதைச் செய்யத் தெரியாமல் இல்லை!

சுமக்கக்கூடிய பார வரம்பு 300இல் தொடங்கும். லெவல் ஏறும்போது ஸ்டமினாவை, அதாவது உடல் தெம்பை, தெரிவுசெய்தால் 5 கூடும். டிராகன் எலும்பு ஒன்று 15, செதில் ஒன்று 10. இரண்டிரண்டு எடுத்தால் 50, அதாவது பத்து லெவல் ஸ்டமினா ஒரே பிணத்தில் காலி. அதில் கவசம் அடிக்க ஸ்மிதிங் என்ற கொல்லுத் திறன் 100 வேண்டும் என்பதால் அதுவரை சும்மா கிடக்கப்போகிற சுமை அது. வரம்பு தாண்டினால் ஓட முடியாது, வரைபடத்தைத் தொட்டு ஊருக்குப் பாயவும் முடியாது. குதிரை மேல் இருந்தால் பாயலாம். சொலிட்யூட் நகருக்கு வடமேற்கே இருக்கிற ஸ்டீட் என்ற மந்திரக் கல்லைத் தொட்டால் 100 கூடும், போட்டிருக்கிற கவசத்தின் பாரமும் கழியும்.

ஆட்கள் ஏமாறுவது டுவெமர் என்ற பழங்கால இனத்தின் இடிபாடுகளில். அங்கே பொறுக்கும் உலோகத்தை உருக்கினால் டுவார்வன் கட்டி வரும். பெயரைப் பார்த்துச் சொலிட் டுவெமர் மெட்டலைத் தூக்குவார்கள். பாரம் 25, உருக்கினால் 5 கட்டி. அலங்காரத் தூண் துண்டு பாரம் 15, வருவது 2 கட்டி. குப்பை மாதிரிக் கிடக்கிற பென்ட் ஸ்கிராப்பும் சின்னத் தகடும் பாரம் 2தான், ஒவ்வொன்றிலும் 3 கட்டி. கட்டி ஒன்றின் பாரம் 1 என்பதால் இவற்றை உருக்கினால் சுமை கூடும். எனவே துண்டாகவே கொண்டுவந்து, அடிக்கிற நேரத்தில் உருக்குங்கள். ஸ்மிதிங் ஏற்ற டுவார்வன் வில் நல்லது: 2 டுவார்வன் கட்டி, 1 இரும்புக் கட்டி. பல்சக்கரம் உருகாது, ஆனாலும் வீசிவிடாதீர்கள். விண்டர்ஹோல்ட் கல்லூரியில் ஆர்னியல் கேன் என்பவர் அதில் 10 கேட்பார்.

தாதுவுக்குக் கணக்கு தலைகீழ். எபனி, ஒரிகல்கம் என்ற உலோகங்களில் இரண்டு தாதுவுக்கு ஒரு கட்டி, பாரம் பாதியாகும். சுரங்க வாசலில் உலை இருந்தால் அங்கேயே உருக்கிவிடுங்கள். இரும்பு ஒன்றுக்கு ஒன்று, அவசரமில்லை. இரும்புத் தாதுவும் கொரண்டம் தாதுவும் ஒவ்வொன்று சேர்த்தால் ஒரு உருக்குக் கட்டி.

கண்ட பீப்பாயில் சேமிக்க வேண்டாம், நாளானால் உள்ளே இருப்பது மாயமாகும். மாரி காலத்தில் கரண்ட் போய்வருகிற நம்ம பக்கத்தில் பெட்டியை அடுக்கி முடித்ததும் கேமைச் சேமிக்க எஃப்5 அமத்துங்கள்.

நியாயமாகச் சொன்னால், நிர்ன்ரூட் என்றொரு செடி இருக்கிறது. கண்ணில் படுமுன்னே அதன் ரீங்காரம் காதில் விழும். ஆற்றங்கரையில் நின்று தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பி, சத்தம் கூடுகிற திசையில் நடந்து, புல்லுக்குள் அந்த மங்கல் ஒளியைப் பிடிக்கிற சுகம் வேறு எந்தக் கேமிலும் வாய்க்கவில்லை. பூச்சி அடைத்த ஜாடிகள் ஐந்து உண்டு, மூடியில் ஏதோ எழுத்துக் கீறியிருக்கும். கடைசி வரை எதற்கும் உதவாது. ஐந்தும் என் அலுமாரியில் இருக்கின்றன.

வாங்கலாமா? பொறுக்கும் பழக்கம் இல்லாதவர் தாராளமாக வாங்கலாம். கூட்டாளி வழியில் கிடக்கிற ஆணியையும் விடாத ஆள், அவருக்கு இந்த விலைக்கும் வேண்டாம் என்றுதான் இன்றைக்கு வாயில் வருகிறது. வாங்கியே தீருவார் என்றால் வைட்ரன் நகரில் பிரீஸ்ஹோம் வீட்டுக்கு 5,000 தங்கம் ஒதுக்கட்டும். பக்கத்திலேயே வார்மெய்டன்ஸ் பட்டறை. பெட்டி வீட்டுக்குள்ளே, பட்டறை தெருவிலே, நடுவில் ஒவ்வொரு தரமும் லோடிங் திரை வேறு.