காரைக்குடியில் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை: ஃபியூஸை மட்டும் மாற்றி அனுப்பாதவர்கள்

காரில் ஃபியூஸ் போய்விட்டால் அதை மாற்றித் தருவதற்குச் செட்டிநாட்டில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது ஏன் போனது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்தப் பழுதைச் சரிசெய்த பிறகே புது ஃபியூஸைச் செருகும் கடை அரிது. காரைக்குடி செக்காலைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், 'ஆட்டோ எலக்ட்ரிக்கல் ஒர்க்ஸ்' என்று மட்டும் எழுதிய பலகையுடன் இருக்கும் சிறிய கடையை அந்த அரிய வகையில் சேர்க்கலாம்.

எங்கள் காரில் டெயில் லாம்ப், நம்பர் பிளேட் விளக்கு, டாஷ்போர்டு மீட்டரின் வெளிச்சம் ஆகிய மூன்றும் ஒருசேர அணைந்துவிட்டன; ஹெட்லைட்டும் பிரேக் விளக்கும் வழக்கம்போல் எரிந்தன. இப்படிச் சில விளக்குகள் ஒரே நேரத்தில் அணைந்தால், பல்புகளைச் சந்தேகிப்பதற்கு முன் அவற்றுக்குப் பொதுவான ஃபியூஸைத்தான் பார்க்க வேண்டும். சில மாதங்களுக்கு முன்பும் இதே பழுது வந்து, நெடுஞ்சாலையோரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் சில நிமிடங்களில் ஃபியூஸை மாற்றிக் கொடுத்தார்கள். அது மீண்டும் போனதால்தான் இந்தக் கடைக்குச் சென்றோம்.

கடைக்காரர் முதலில் செய்தது, ஸ்டியரிங்குக்கு வலப்புறம் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றி, அதன் உட்புறத்தில் அச்சிட்டிருந்த படத்தைப் படித்ததுதான். பெரும்பாலான கார்களில் இன்னொரு பெட்டி பானெட்டுக்குள் பேட்டரியின் அருகே இருக்கும். எந்தப் பெட்டியில் எந்த ஃபியூஸ் என்பதை ஊகிக்காமல் படத்தைப் பார்த்தே தொட வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருக்கிறார். படத்தையும் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தவர், "இந்த எடத்துல செவப்புதான்ணே இருக்கணும், மஞ்சள் எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். முந்தைய ஒர்க்‌ஷாப்பில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் 20 ஆம்பியரைச் செருகியிருந்தார்கள்.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். லிட்டல்ஃபியூஸ் நிறுவனம் 1976-இல் அறிமுகப்படுத்திய, இரண்டு தட்டைக் கால்கள் கொண்ட பிளேடு ஃபியூஸ்தான் இன்று பலவித அளவுகளில் கார்களில் இருக்கிறது. அதன் நிறமே அதன் திறனைச் சொல்லிவிடும்: 5 ஆம்பியர் இளம்பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. ஃபியூஸ் காப்பது விளக்கை அன்று, விளக்குக்குச் செல்லும் ஒயரை. 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியே 20 ஆம்பியர் பாய்ந்தால் அது 5 விநாடிக்குள் உருகியாக வேண்டும்; மஞ்சள் ஃபியூஸோ அதே 20 ஆம்பியரை உருகாமல் மணிக்கணக்கில் தாங்கி நிற்கும், அந்த நேரமெல்லாம் மெல்லிய ஒயர் சூடேறிக்கொண்டே இருக்கும். அப்போது ஃபியூஸுக்கு முன்னதாக ஒயரின் உறைதான் உருகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக அதைவிடப் பெரியதைச் செருகுவதும், வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி வைப்பதும், காருக்குத் தீ வைக்கும் வேலையேயன்றிப் பழுது நீக்கும் வேலை ஆகாது.

போன ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டி அவர் விளக்கியதும் எனக்குப் பயன்பட்டது. உள்ளே இருக்கும் துத்தநாக இழை, அளவுக்குச் சற்று மிஞ்சிய மின்சாரத்தால் மெல்ல உருகியிருந்தால் நடுவில் ஓர் இடைவெளி மட்டும் தெரியும். நேரடி ஷார்ட்டால் போயிருந்தால் உள்ளே கரி படிந்து பிளாஸ்டிக் கறுத்திருக்கும். எங்களுடையது கறுத்திருந்தது. எனவே ஏதோ ஓர் இடத்தில் ஒயர் உரிந்து காரின் உடலைத் தொடுகிறது என்று அவர் அப்போதே முடிவுக்கு வந்துவிட்டார். இழையில் மயிரிழை அளவே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது; அதற்காக ஒவ்வொரு பிளேடு ஃபியூஸின் தலையிலும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் விட்டிருக்கிறார்கள். சாவியைத் திருப்பி, உரிய சுவிட்சையும் போட்டுவிட்டு, மின்சாரம் உள்ள இடத்தைத் தொட்டால் எரியும் டெஸ்ட் லைட்டின் முனையால் இரண்டையும் தொட வேண்டும். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. கழற்றுவதற்கு முன்போ சாவியை அணைத்துவிட வேண்டும்.

இதற்குப் பிறகு நடந்ததே இந்தக் கடையின் உண்மையான திறமை. ஷார்ட் இருக்கும் இடத்தைத் தேட ஃபியூஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி எரித்துக்கொண்டிருக்காமல், ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு ஒயர்களால் இணைத்தார். ஷார்ட் இருக்கும்வரை அந்தப் பல்பு முழு வெளிச்சத்துடன் எரியும். பல்பே மின்சாரத்தை ஏறத்தாழ 2 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்துவதால் ஒயருக்கும் கேடில்லை. பிறகு காரின் பின்பகுதிவரை ஒயரிங்கை இடம் இடமாகத் தொட்டு அசைத்துக்கொண்டே வந்தார். டிக்கியின் கதவைத் தூக்கியபோது பல்பு சட்டென்று மங்கியது. இறக்கியபோது மீண்டும் பிரகாசித்தது. டிக்கிக் கீலின் அருகே, கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி நிமிரும் இடத்தில், நம்பர் பிளேட் விளக்குக்குச் செல்லும் ஒயரின் உறை தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. உதவியாளராக இருந்த இளைஞரிடமும் பல்பைப் பார்க்கச் சொல்லிக் கதவை இன்னொரு முறை தூக்கிக் காட்டினார். அந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தேய்ந்த பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிமனில் புது ஒயரைப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவைப் போட்டு, மீண்டும் இழுபடாதபடி சற்றுத் தளர்வு விட்டுக் கட்டினார். சிவப்பு ஃபியூஸ் அதற்குப் பிறகுதான் ஏறியது. பத்து ரூபாய்க்குள் அடங்கும் ஃபியூஸுக்காக வந்தவரிடம் ஒயரிங் வேலைக்கும் சேர்த்து 450 ரூபாய் கேட்டார். ஒன்றரை மணி நேர உழைப்புக்கு அது நியாயமான கூலி என்பதே என் கருத்து.

நான் காத்திருந்தபோது கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி வந்திருந்தார். கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்தபோது, நெடுநாள் ஓடாமல் நின்ற காரில் ஹாரன் அடிக்கவில்லை என்றார். பானெட்டுக்குள் எலி ஒயரைக் கடித்திருந்தது. "வாரம் ஒரு தடவையாச்சும் வண்டிய எடுக்கச் சொல்லுங்க ஆச்சி, இல்லேன்னா பானெட்டையாவது தொறந்து பாக்கச் சொல்லுங்க" என்று கடைக்காரர் சொன்னது, ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு மிகவும் பொருந்தும் அறிவுரை. இங்கே சில வீடுகளில் இன்னும் பேணப்படும் பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களுக்கான, இரு முனையும் கூம்பிய பீங்கான் ஃபியூஸ்களையும் அவர் வைத்திருக்கிறார். அவற்றில் இழை நன்றாக இருந்தாலும் முனைகளில் களிம்பு ஏறி மின்சாரம் தடைபடுவதுண்டு. முதலில் அவற்றைத் தேய்த்துப் பார்த்துவிட்டே புதியதை விற்கிறார்.

குறைகளும் உண்டு. நிழலுக்கு ஒரு தகரக் கூரை தவிர உட்கார இடமில்லை. கேட்டால்தான் பில் தருகிறார், அதிலும் செய்த வேலையின் விவரம் இருப்பதில்லை. பழுது திரும்பினால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போகும் என்பதால் இதை அவர் மாற்றிக்கொள்ள வேண்டும். கணினியை இணைத்துப் பார்க்கும் ஸ்கேனர் அவரிடம் இல்லை. ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் தொடுவதில்லை, அவற்றை நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கே எடுத்துச் செல்லச் சொல்லிவிடுகிறார். தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்வதால் இதை நான் குறையாகக் கருதவில்லை. எனினும் புதிய மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடை பயன்படாது.

முகூர்த்த நாள்களிலும், பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் கூட்டம் வரும் நாள்களிலும் வெளியூர்க் கார்கள் வரிசையில் நிற்பதால், காலை பத்து மணிக்கு முன் சென்றுவிடுவது நல்லது. காரின் கையேடு இருந்தால் உடன் எடுத்துச் செல்லுங்கள். பெட்டி மூடியின் படம் அழிந்துபோன கார்களுக்கு அதைப் பார்த்தே ஃபியூஸின் அளவைச் சொல்கிறார். திரும்பும்போது உங்கள் காருக்கு உரிய அளவுகளில் இரண்டிரண்டு உபரி ஃபியூஸ்களையும் அவரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.